30க்கு 22 வாங்கியவருக்கு மூளை கெட்டுவிட்டதா?

கஞ்சாப் பழக்கத்துக்குச் சிகிச்சை பெற வந்தவரின் 'மோகா' (நினைவையும் கவனத்தையும் அளக்கும் சோதனை) தாளில் '30க்கு 22' என்று இருந்தால், தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரின் சாட்ஸ்வொர்த், பீனிக்ஸ் பக்கத்துக் குடும்பங்கள் அதைத் தீர்ப்பாகவே எடுத்துக்கொள்கின்றன. "டாகா (கஞ்சா) மூளையைத் தின்றுவிட்டது" என்று வீடே அழுகிறது. அந்த எண்ணில் கஞ்சாவின் பங்கு எவ்வளவு, பள்ளிக்கூடத்தின் பங்கு எவ்வளவு என்று பிரித்துப் பார்ப்பவர் குறைவு.

2005இல் வெளியான 'மோகா' சோதனை பத்துப் பதினைந்து நிமிடத்தில் முடிந்துவிடும். 26க்குக் கீழே என்றால் மேலும் ஆராய வேண்டும் என்பது பழைய எல்லைக்கோடு. அது முதற்கட்டச் சல்லடை மட்டுமே. நோய் இன்னதென்று அது சொல்லாது.

கனசதுரம் வரைவது, 100இலிருந்து ஏழு ஏழாகக் கழிப்பது எல்லாம் பள்ளியில் பழகிய கைக்கே எளிது. இங்கே இந்தியப் பிள்ளைகளுக்குக் கல்வி 1970களில்தான் படிப்படியாகக் கட்டாயமானது. அதற்கு முன்பே நான்காம் வகுப்போடு ஆடை ஆலைக்கு வேலைக்குப் போனவரை நினைத்துப் பாருங்கள். பன்னிரண்டு ஆண்டுகளோ அதற்குக் குறைவாகவோ படித்தவருக்கு ஒரு மதிப்பெண் கூட்டித் தருகிறார்கள். நான்கு ஆண்டு படித்தவருக்கும் அதே ஒன்று, பன்னிரண்டு ஆண்டு படித்தவருக்கும் அதே ஒன்று! இதை நியாயம் என்று என்னால் ஏற்க முடியவில்லை. வயது ஏற ஏற மதிப்பெண் குறைவதும் இயல்பே. ஆகவே அவரை அவர் வயதும் படிப்பும் கொண்டவர்களோடுதான் ஒப்பிட வேண்டும்.

இதன் மறுபக்கத்தை மறந்துவிடுகிறோம். பட்டம் பெற்ற இளைஞன் 27 வாங்கினால் "நலம்" என்று அனுப்பிவிடுகிறார்கள். அவனுடைய பழைய நிலையிலிருந்து அவன் சரிந்திருக்கலாம். வேலையில் தடுமாறுகிறானா என்று வீட்டாரைக் கேட்காமல் விடக்கூடாது.

மொழியிலும் கவனம் வேண்டும். பெயரில் 'பிள்ளை' என்று இருப்பதைப் பார்த்துத் தமிழில் சோதிப்பது தவறு. இங்கே பலருக்குத் தமிழ் கோயிலிலும் தேவாரத்திலும் மட்டுமே மிஞ்சியிருக்கிறது, வீட்டில் பேசுவது ஆங்கிலம். தமிழிலேயே வளர்ந்த முதியவரிடம் ஆங்கில 'எஃப்' எழுத்தில் தொடங்கும் சொற்களை ஒரு நிமிடத்துக்குள் அடுக்கச் சொல்வதும் அதே அளவு தவறு. எந்த மொழியில் யோசிக்கிறீர்கள் என்று முதலில் கேளுங்கள்.

சேர்ந்த முதல் வாரத்திலேயே சோதிக்க அவசரப்பட வேண்டாம். நாள்தோறும் புகைத்தவர் நிறுத்திய முதல் சில நாட்களில் நினைவும் கவனமும் மந்தமாக இருக்கும், தூக்கமும் கெடும். ஏறக்குறைய நான்கு வாரத்தில் பெரும்பகுதி தேறிவிடுகிறது. மாண்ட்ராக்ஸ் என்னும் மயக்க மாத்திரையைக் கஞ்சாவோடு கலந்து 'வெள்ளைப் பைப்' புகைத்தவரா, தலையில் அடிபட்டதா, குடிப்பழக்கம் உண்டா என்பதையும் விசாரிக்க வேண்டும். மறுபடி சோதிக்கும்போது அதே தாளைக் கொடுக்காமல் மாற்று வடிவத்தைக் கேட்டு வாங்குங்கள். இல்லாவிட்டால் பழக்கத்தால் ஏறிய மதிப்பெண் குணமானது போலத் தோன்றும்.