பிறனில் அன்புகூருவதை எங்கிருந்து தொடங்குவது?

‘உன்னில் நீ அன்புகூருவதுபோல் பிறனிலும் அன்புகூருவாயாக’ என்ற வசனத்தை ஞாயிறு பள்ளியிலேயே மனப்பாடம் செய்துவிடுகிறோம். ஆனால் அது வருகிற, பழைய ஏற்பாட்டின் லேவியராகமம் 19ஆம் அதிகாரத்தை முழுவதுமாக வாசித்தவர்கள் குறைவு என்றே நினைக்கிறேன். ஒருவர்மேல் தமக்கு அன்பு சுரக்கவில்லையே என்று வருந்துகிறவர் முதலில் அந்த அதிகாரத்தின் 9 முதல் 18 வரையுள்ள வசனங்களை நிதானமாக வாசிக்கட்டும். வயலின் ஓரத்தை முற்றிலும் அறுக்காமல் எளியவனுக்கும் பரதேசிக்கும் (அந்நியனுக்கும்) விட்டுவிடுவது, கூலிக்காரனின் கூலியை விடியும்வரை வைத்துக்கொள்ளாதிருப்பது, செவிடனை நிந்தியாதிருப்பது, கோள்சொல்லித் திரியாதிருப்பது என்று செயல்களை வரிசையாக அடுக்கிய பிறகே அன்பு என்ற சொல் அங்கே வருகிறது. ஆகவே மனம் இளகட்டும் என்று காத்திருக்க வேண்டியதில்லை.

உங்களுக்காக உழைத்த ஒருவருக்குக் கொடுக்கவேண்டிய பணம் உங்கள் கையில் இருந்தால் அதை இன்றே கொடுத்துவிடுங்கள். பிடித்துவைக்கப்பட்ட கூலி கூக்குரலிடுகிறது என்று யாக்கோபு 5:4 சொல்லுகிறபடியால், அதை நிறுத்திவைத்துக்கொண்டு காணிக்கைப் பெட்டியில் தாராளம் காட்டுவதில் பொருளில்லை.

அடுத்தது நாவு, பெரும்பாலோர் இடறுவது இங்கேதான். ஒருவரிடம் குறை கண்டால் அவரை உள்ளத்தில் பகைக்காமல் கடிந்துகொள்ள வேண்டும் என்று லேவியராகமம் 19இன் 17ஆம் வசனம் கூறுகிறது. அதற்கான முறையை இயேசு மத்தேயு 18:15இல் வகுத்துத் தருகிறார்: குற்றம் செய்தவரும் நீங்களும் தனித்திருக்கையில் அவரிடமே சொல்லவேண்டும். நடைமுறையில் நாம் இதைத் தலைகீழாகச் செய்கிறோம். அவரைத் தவிர மற்ற எல்லாரிடமும் சொல்லிவிடுகிறோம், அதற்கு ‘ஜெபக்குறிப்பு’ என்று பெயரும் வைக்கிறோம். பேசுவதற்கு முன், எந்தச் செயல் உங்களைப் புண்படுத்தியதோ அதை ஒரே வாக்கியத்தில் எழுதிப் பாருங்கள். அந்த வாக்கியத்தில் அவருடைய குணத்தைப் பற்றிய தீர்ப்பு நுழைந்திருந்தால் அதை நீக்குங்கள். பேசியபின், அவர் தம் பக்கத்தைச் சொல்லி முடிக்கும்வரை குறுக்கிடாமல் கேளுங்கள். குற்றம் உங்களுடையதாயிருந்தாலோ, காணிக்கையைப் பலிபீடத்தின் முன் வைத்துவிட்டு, முதலில் போய் ஒப்புரவாகும்படி மத்தேயு 5:23-24 உங்களையே அனுப்புகிறது.

உதவி செய்யும்போது எதுவரை செய்வது என்ற கேள்வி எழும். கள்ளர் அடித்துக் குற்றுயிராக விட்டுப்போன ஒருவனுக்கு வழியில் உதவிய லூக்கா 10ஆம் அதிகாரத்துச் சமாரியனை எல்லையற்ற தியாகத்தின் சின்னமாகவே பிரசங்கங்களில் கேட்டிருக்கிறோம். ஆனால் அவன் செய்ததைக் கவனித்துப் பார்த்தால் அதில் ஓர் ஒழுங்கு தெரியும். காயங்களில் எண்ணெயும் திராட்சரசமும் வார்த்துக் கட்டினான், தன் வாகனத்தில் ஏற்றிச் சத்திரத்திற்குக் கொண்டுபோனான், இரவில் பராமரித்தான். மறுநாள் இரண்டு பணத்தை (வெள்ளிக்காசுகளை) எடுத்துச் சத்திரக்காரன் கையில் கொடுத்துவிட்டுத் தன் பயணத்தைத் தொடர்ந்தான். மத்தேயு 20:2இன்படி ஒரு பணம் என்பது ஒரு நாள் கூலி. அதிகமாகச் செலவானால் திரும்பிவரும்போது தருவதாகவும் சொன்னான். அவசரத் தேவையைத் தன் கையால் செய்தான், நீண்ட பராமரிப்பை அதற்கு ஏற்றவரிடம் ஒப்படைத்தான், கணக்கு முடிக்கத் திரும்பிவருவதாக வாக்குக் கொடுத்தான். நோயுற்றவரையோ வேலை இழந்தவரையோ தாங்குகிறவர்களும் இந்த மூன்றையும் பிரித்துக்கொண்டால் ஒரே மாதத்தில் சோர்ந்துபோய்க் கைவிடமாட்டார்கள். இவற்றில் நாம் எளிதாக மறப்பது மூன்றாவதைத்தான். ஆகவே திரும்பிச் சென்று பார்க்கும் நாளை முதல் சந்திப்பிலேயே குறித்துக்கொள்ளுங்கள்.

பகைவரின் காரியத்திலும் வேதம் மிகச் சிறிய செயலிலிருந்தே தொடங்குகிறது. உன் சத்துருவின் மாடோ கழுதையோ வழிதப்பிப் போகக் கண்டால் அதை அவனிடம் கொண்டுபோய் விடு என்கிறது யாத்திராகமம் 23:4. அவனோடு விருந்துண்ணும்படி அந்த வசனம் கேட்கவில்லை. உங்களுக்குத் தீங்கிழைத்தவரைக் குறித்து வரும் ஒரு பொய்ச்செய்தியை மறுத்துரைப்பதும், அவருக்கு வந்த தகவலை மறைக்காமல் சேர்ப்பிப்பதும் இன்றைக்கு அந்தக் கழுதையைத் திருப்பி ஓட்டிவிடுவதற்குச் சமம். தொடர்ந்து கொடுமை செய்கிறவராயிருந்தால் விலகி நின்றும், தேவையானால் பாதுகாப்பை நாடியும் இதைச் செய்யலாம். அவருக்காக ஜெபிப்பதற்கு அவருடைய வீட்டு வாசலில் போய் நிற்கவேண்டியதில்லை.