மெடிக்கல் அசிஸ்டன்ட் கோர்ஸ்: பீஸ் கட்டறதுக்கு முன்னாடி கணக்குல விடற தப்புங்க

போன மாசம் எங்க அபார்ட்மென்ட்ல கீழ் வீட்டுப் பொண்ணு ஒரு பிரவுச்சரை எடுத்துட்டு வந்தா. "அக்கா, ஒன்பது மாசக் கோர்ஸ், 16,000 டாலர், முடிச்சா மணிக்கு 20 டாலராம், ஒரே வருஷத்துல போட்ட காசு வந்துரும்ல?" நான் டல்லாஸ் பக்கம் ஒரு கிளினிக்ல மெடிக்கல் அசிஸ்டன்ட்தான், பிபி பாக்கறது, ரத்தம் எடுக்கறது, இன்சூரன்ஸ்காரங்களோட மல்லுக்கட்டறது எல்லாம் நம்ம டிபார்ட்மென்ட், அதனால இந்தக் கேள்வி என்கிட்ட அடிக்கடி வரும்.

20 டாலர்ங்கறது பொய் இல்ல. அமெரிக்க லேபர் டிபார்ட்மென்ட்டோட 2023 மே கணக்குல மெடிக்கல் அசிஸ்டன்ட்டோட மீடியன் சம்பளம் வருஷத்துக்கு 42,000 டாலர், அதாவது பாதிப் பேர் அதுக்கு மேல, பாதிப் பேர் அதுக்குக் கீழ. புதுசா உள்ள வர்றவங்க பெரும்பாலும் கீழதான்.

சரி, 20ன்னே வச்சுப்போம்னு பிரவுச்சர் பின்னாடியே எழுதினோம். வாரம் 40 மணி நேரம்னா வருஷத்துக்கு 41,600. சோஷியல் செக்யூரிட்டி, மெடிகேர்னு பென்ஷனுக்கும் வயசான காலத்து வைத்தியத்துக்கும் சம்பளத்துல பிடிக்கறது ரெண்டும் சேர்த்து 7.65 பர்சென்ட், 3,182 போச்சு. அடுத்து இன்கம் டாக்ஸ், இங்கதான் நம்ம ஆளுங்க எல்லாரும் சறுக்கறாங்க. புருஷன் பொண்டாட்டி ஜாயின்ட்டா ஃபைல் பண்றப்போ ஸ்டாண்டர்ட் டிடக்ஷன், அதாவது வரி போடாம கழிச்சுக்கற தொகை எல்லாம் வீட்டுக்காரர் சம்பளத்துலயே தீந்துடும், அவர் 22 பர்சென்ட் வரி பிராக்கெட்ல இருந்தா இவளோட முதல் டாலர்லேர்ந்தே 22 பர்சென்ட், அது 9,152. நல்லவேளை டெக்ஸஸ்ல ஸ்டேட் டாக்ஸ் இல்ல. மிச்சம் 29,266. குழந்தைக்கு டே கேர் மாசம் 1,200ன்னு சொன்னா, வருஷத்துக்கு 14,400. கடைசியா கையில நிக்கிறது 14,866, மாசத்துக்கு 1,240 கூட வரல, அதுலயே பெட்ரோலும் போடணும். கோர்ஸ் பீஸை எடுக்க மட்டும் 13 மாசம். அந்தப் பொண்ணு கொஞ்ச நேரம் பேப்பரையே பாத்துட்டு இருந்தா.

வேலைக்குப் போகாதன்னு நான் சொல்லல, 16,000 கட்டாதன்னுதான் சொன்னேன். பீஸ் ஜாஸ்தின்னா வேலையும் பெருசா கிடைக்கும்னு ஒரு நெனப்பு இருக்கு பாருங்க, இந்த ஃபீல்டுல அது சுத்தமா தப்பு. கம்யூனிட்டி காலேஜ்ல 4,000க்குப் படிச்சவளும் பிரைவேட்ல 16,000க்குப் படிச்சவளும் ஒரே எக்ஸாம் எழுதி ஒரே சம்பளத்துக்குத்தான் பக்கத்து பக்கத்து ரூம்ல நிக்கப் போறாங்க. எவரெஸ்ட்னு போர்டு மாட்டி இந்தக் கோர்ஸை ஊர் ஊரா வித்த கொரிந்தியன் காலேஜஸ் 2015ல கவுந்துச்சு, 2022ல கவர்மென்ட் அதுல படிச்ச 5,60,000 பேரோட 580 கோடி டாலர் கடனைத் தள்ளுபடி பண்ண வேண்டியதாப் போச்சு. கடனோட அத்தனை வருஷம் ஓட்டினவங்களை நெனச்சுப் பாருங்க.

எந்த சர்டிஃபிகேட் எக்ஸாம்னு பாக்காம சேர்றது இன்னொரு தப்பு. சிஎம்ஏ, சிசிஎம்ஏ ரெண்டும் மெடிக்கல் அசிஸ்டன்ட் சர்டிஃபிகேட்டுங்க. சிஎம்ஏ எழுத வழக்கமான வழி சி.ஏ.ஏ.எச்.இ.பி. இல்லன்னா ஏ.பி.எச்.இ.எஸ்.ங்கற அமைப்போட அங்கீகாரம் இருக்கற கோர்ஸ், "காலேஜுக்கு அங்கீகாரம் இருக்கு"ன்னு அட்மிஷன்காரங்க சொல்றது வேற, இந்தக் கோர்ஸுக்கு இருக்கான்னு தனியா கேக்கணும். சிசிஎம்ஏ அவ்ளோ கெடுபிடி இல்ல, மேற்பார்வையில ஒரு வருஷம் வேலை பார்த்த அனுபவம் இருந்தாலும் எழுதலாம். வாஷிங்டன் ஸ்டேட்ல ஸ்டேட்கிட்ட சர்டிஃபிகேஷனோ ரிஜிஸ்ட்ரேஷனோ வாங்காம இந்த வேலை பாக்க முடியாது, நிறைய ஸ்டேட்ல சட்டப்படி சர்டிஃபிகேட்டே கட்டாயம் இல்ல, கிளினிக்குதான் கேக்கும். சில ஆஸ்பத்திரிகள்ல சம்பளமும் குடுத்து அவங்களே டிரெய்னிங் தர்றாங்க, அதைத் தேடாமயே செக் எழுதிடறோம்.

பிரவுச்சர்ல இல்லாத செலவுகளும் உண்டு. ஸ்க்ரப்ஸ்ங்கற யூனிஃபார்ம், சிபிஆர் கார்டு, பேக்கிரவுண்ட் செக், எக்ஸாம் பீஸ். நம்ம ஊர்க்காரங்களுக்குன்னு ஸ்பெஷலா ஒண்ணு: சின்ன வயசுல டிபிக்காகப் போட்ட பிசிஜி ஊசித் தழும்பு. கைல குத்திப் பாக்கற டிபி டெஸ்ட் அதனாலயே சில பேருக்கு பாசிட்டிவ்னு காட்டும், எனக்குக் கை தோசைக்கல்லு மாதிரி சிவந்து வீங்கிடுச்சு, அப்புறம் எக்ஸ்ரே, டாக்டர் லெட்டர்னு ரெண்டு வாரம் போச்சு. ரத்தத்துல பாக்கற குவான்டிஃபெரான் டெஸ்ட்டை பிசிஜி குழப்பாது, முதல்லயே அதைக் கேட்டு வாங்கிடுங்க.

எக்ஸ்டர்ன்ஷிப்பை, அதாவது கோர்ஸோட சேர்ந்த கிளினிக் பயிற்சியை, யாரும் செலவாவே எழுதறதில்ல. 160 மணி நேரம், பகல்ல, சம்பளம் இல்லாம. நாலு வாரம் டே கேருக்கு மட்டும் காசு போகும்.

எச்4ல, அதாவது எச்1பி விசாவுல வேலை பாக்கறவரோட மனைவிங்கற விசாவுல இருந்தா படிக்கத் தடை இல்ல, வேலை பாக்க இஏடிங்கற வேலை அனுமதி வேணும், அதுக்கு வீட்டுக்காரருக்கு பொதுவா ஐ-140ங்கற கிரீன் கார்டு வழியில வர்ற மனு அப்ரூவ் ஆகியிருக்கணும். கோர்ஸை முடிச்சுட்டு ஐ-140க்காக உக்காந்திருக்கறவங்களை எனக்குத் தெரியும். படிப்புக்கு கவர்மென்ட் தர்ற ஃபெடரல் எய்டும் எச்4க்குக் கிடையாது, கிரீன் கார்டுக்கு உண்டு.

ஊர்ல பி.எஸ்சி நர்சிங் முடிச்சவங்க இந்தக் கோர்ஸ்ல சேர்றதுதான் எனக்குப் பொறுக்காது. ஆர்என், அதாவது ரிஜிஸ்டர்டு நர்ஸோட மீடியன் சம்பளம் அதே 2023ல 86,070, ரெண்டு மடங்குக்கு மேல. முதல்ல டிரான்ஸ்கிரிப்ட்டை இவாலுவேஷனுக்கு அனுப்பி நர்ஸ் லைசென்ஸுக்கான என்கிளெக்ஸ் எக்ஸாம் வழியைப் பாருங்கம்மா. இல்ல, இதை முடிச்சுட்டு அப்புறமா நர்சிங் போறேங்கறவங்க கிரெடிட் டிரான்ஸ்ஃபர் ஆகுமான்னு எழுத்துல வாங்குங்க, பெரும்பாலும் ஆகாது.

கீழ் வீட்டுப் பொண்ணு என் டைனிங் டேபிள்லயே உக்காந்து பக்கத்துல இருக்கற மூணு கிளினிக்குக்கு போன் போட்டா. எந்த சர்டிஃபிகேட்னு மூணு பேரும் கேட்டாங்க, எந்த ஸ்கூல்னு ஒருத்தரும் கேக்கல. ரெண்டு பேர் ஸ்பானிஷ் வருமான்னு கேட்டாங்க.