செத்த ஈஸ்ட்டால் தண்ணீரில் உள்ள செம்பைப் பிடிப்பது எப்படி?

பெங்களூரு பீன்யா பக்கம் முலாம் பூசும் பட்டறைகளைப் பார்த்தவர்களுக்கு, அந்தக் கழிவுநீர் எங்கே போகும் என்ற கவலை வராமல் இருக்காது. ஈயம், செம்பு போன்றவை கொதிக்கவைத்தாலும் போகாது. ஆனால் ரொட்டிக்குப் போடும் ஈஸ்ட்டிடம் ஒட்டிக்கொள்ளும். ஈஸ்ட் உயிரோடு இருக்கவேண்டும் என்பதுகூட இல்லை. அதன் செல்சுவரில் உள்ள பாஸ்பேட், கார்பாக்சில் தொகுதிகளின் எதிர்மின்னூட்டம்தான் நேர்மின்னூட்டமுள்ள உலோக அயனிகளை இழுக்கிறது. 2021இல் அமெரிக்காவின் எம்ஐடி பல்கலைக்கழக ஆய்வாளர்கள், மிகக் குறைந்த அளவில் கலந்திருக்கும் ஈயத்தையும் ஈஸ்ட் பிடிக்கும் என்று காட்டினார்கள். வீட்டில் ஈயம் வேண்டாம், செம்பு போதும்.

முதலில் 20 கிராம் உலர் ஈஸ்ட்டை 200 மில்லி தண்ணீரில் 15 நிமிடம் சூடாக்குங்கள். ஃபிரிட்ஜில் ஓரிரவு வைத்தால் அடியில் தங்கும். மேல் தண்ணீரைக் கொட்டிவிட்டு, நல்ல தண்ணீர் ஊற்றி இன்னும் இரண்டு தடவை இப்படியே கழுவுங்கள். பிறகு வெயிலில் காயவைத்துப் பொடியாக்குங்கள்.

அடுத்தது செம்புக் கரைசல். நாட்டு மருந்துக் கடையில் கிடைக்கும் மயில்துத்தம் 2 கிராமை 1 லிட்டரில் கரையுங்கள். அதில் 100 மில்லி எடுத்து மறுபடி 1 லிட்டராக்கினால், லிட்டருக்குச் சுமார் 50 மில்லிகிராம் செம்பு இருக்கும். இங்கேதான் நான் முதல் தடவை தவறினேன். எங்கள் போர்வெல் தண்ணீரை ஊற்றியதும், ஈஸ்ட் போடுவதற்கு முன்பே கரைசல் கலங்கிவிட்டது. இப்படிப்பட்ட கடினநீரில் உள்ள பைகார்பனேட் செம்பைத் தானே படியவைத்துவிடும். அப்புறம் ஈஸ்ட் என்ன செய்தது என்றே தெரியாது. பேட்டரிக்கு ஊற்றும் வடிநீரையே வாங்குங்கள். அதில் கரைத்தால் கரைசல் லேசான அமிலத்தன்மையோடு இருக்கும், ஈஸ்ட்டுக்கும் அதுதான் தோது.

இரண்டு உயரமான கண்ணாடி டம்ளர்களில் 200 மில்லி வீதம் ஊற்றி, ஒன்றில் மட்டும் 2 கிராம் பொடி போடுங்கள். ஒரு மணி நேரம் அவ்வப்போது மரக்குச்சியால் கிளறி, இரவு அப்படியே விடுங்கள். இரண்டையும் வடிதாளில் வடிகட்டி, ஒரே அளவு அமோனியா சில துளிகள் விடுங்கள்; கரைந்த செம்பு இருந்தால் அடர்நீலமாகும். கையுறை போடுங்கள், ஜன்னலைத் திறந்து வையுங்கள். டம்ளருக்கு அடியில் வெள்ளைத்தாள் வைத்து மேலிருந்து பாருங்கள். ஈஸ்ட் போட்டதில் நீலம் வெளுத்திருக்கும்.

இந்தத் தண்ணீரைக் குடிக்கவே கூடாது. சாக்கடையிலும் ஊற்றாதீர்கள், மீனுக்குச் செம்பு விஷம். நம் சாக்கடைகள் பல ஏரிக்குத்தான் போகின்றன. செம்பு எங்கும் மறைந்துவிடவில்லை, பொடிக்கு மாறியிருக்கிறது, அவ்வளவுதான். கரைசலையும் பொடியையும் தனித்தனிப் பாட்டிலில் மூடி, பெயர் எழுதி, தெரிந்த கல்லூரி வேதியியல் ஆய்வகத்தில் கொடுத்துவிடுங்கள்.