அப்பத்தா ஓயாமல் உடம்பு வலி என்றால் என்ன செய்வது?

காரைக்குடிப் பக்கம் பெரிய வீட்டில் தனியாக இருக்கும் அப்பத்தா போனில் "மனசு சரியில்லை" என்று சொல்ல மாட்டார். தலை கிறுகிறுப்பு, நெஞ்செரிச்சல், கை கால் அசதி என்றுதான் சொல்வார், அந்த வலி நிஜம், ஆனால் அதற்குப் பின்னால் மனச்சோர்வு இருக்கலாம். அமெரிக்க மனநல மருத்துவர் ஆர்தர் கிளைன்மன் 1982-இல் வெளியிட்ட ஆய்வில், சீனாவின் ஹுனானில் நரம்புத் தளர்ச்சி என்று வந்த 100 பேரில் 87 பேருக்குக் கடும் மனச்சோர்வு இருந்தது.

முதலில் தைராய்டு, ரத்தசோகை, சர்க்கரை பாருங்கள். எல்லாம் சரி என்று வந்தால் அதோடு விட்டுவிடாதீர்கள். அப்புறம் தூக்கம், பசி பற்றியும், கோயிலுக்கோ விசேஷ வீட்டுக்கோ போக ஆசை இருக்கிறதா என்றும் பக்கத்தில் உட்கார்ந்து பொறுமையாகக் கேளுங்கள். இரண்டு வாரமாக எதிலும் நாட்டமில்லை என்றால் மனநல மருத்துவரிடம் போங்கள், வலியையும் சேர்த்தே சொல்லுங்கள். சாவைப் பற்றிப் பேசினால் அன்றைக்கே போக வேண்டும்; அரசின் மனநல உதவி எண்ணான டெலிமானஸ் 14416-இல் எந்நேரமும் இலவசமாகத் தமிழில் பேசலாம்.