சோலார் பாடம் நடத்தும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

கோவை, திருப்பூர், ஈரோடு பக்கம் சோலார் பேனலைப் பார்க்காத பிள்ளை இன்று குறைவு. மில் கூரையிலும் இருக்கிறது, தோட்டத்துக் கிணற்று மேட்டிலும் இருக்கிறது. அதனாலேயே பள்ளியில் இதைச் சொல்லிக்கொடுப்பது சுலபம் என்று நினைத்துவிடுகிறோம். 6 வோல்ட் பேனல் ஒன்று, பொம்மைக் கார் மோட்டார் ஒன்று. காற்றாடி சுற்றியதும் கைதட்டல், பாடம் முடிந்தது. இதைத்தான் முதல் தவறு என்பேன். காற்றாடி எதனால் வேகமாகச் சுற்றுகிறது, எப்போது நிற்கிறது என்று பிள்ளைகள் தாங்களே அளந்து பார்க்கும்போதுதான் பாடம் ஆரம்பிக்கிறது.

அளக்க ஒரு சாதாரண மல்டிமீட்டர் போதும். ஆனால் வோல்ட்டை மட்டும் பார்த்துவிட்டு நிறுத்தக்கூடாது. வகுப்பறைக்குள் டியூப்லைட்டுக்கு அடியில் வைத்தாலே மீட்டர் 3, 4 வோல்ட் காட்டிவிடும். வெயிலில் 6, 7 காட்டும். "வெயில்ல வர்றதுல பாதி உள்ளயே வருதுங்க டீச்சர்" என்று பிள்ளைகள் எழுதிக்கொள்வார்கள். மோட்டாரை மாட்டினால் அசையவே அசையாது. வெளிச்சத்தின் அளவு ஆம்பியரில்தான் தெரியும். 1 வாட் பேனல் நல்ல வெயிலில் 150 மில்லி ஆம்பியருக்கு மேல் கொடுக்கும். டியூப்லைட்டில் ஒன்றிரண்டு வந்தாலே அதிகம். இந்த இரண்டு எண்களையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதச் சொல்லுங்கள், மோட்டார் ஏன் அசையவில்லை என்று அவர்களே சொல்வார்கள்.

ஆம்பியர் அளக்கும்போது சிவப்பு ஒயரை 10 ஆம்பியர் துளைக்கு மாற்ற வேண்டும். சின்னப் பேனலின் இரண்டு முனைகளையும் நேராக மீட்டரோடு சேர்க்கலாம், ஒன்றும் ஆகாது. பேட்டரியில் அப்படிச் செய்யக்கூடாது. வீட்டு பிளக்கில் மீட்டரை வைக்கவே கூடாது. ஆம்பியரில் விட்ட மீட்டரை அங்கே குத்தினால் வெடித்துக் கை வெந்துவிடும். இதை முதல் வகுப்பிலேயே கண்டிப்பாகச் சொல்லிவிட வேண்டும். சூரியனை நேராகவோ, லென்ஸ் வழியாகவோ, கண்ணாடியில் விழும் பிம்பமாகவோ பார்க்கக்கூடாது என்பதும் அதே கண்டிப்போடு.

அடுத்தது, சூட்டையும் வெளிச்சத்தையும் போட்டுக் குழப்புவது. "சூடு ஜாஸ்தியானா கரண்டும் ஜாஸ்திதானுங்க?" என்று எந்த வகுப்பிலும் ஒரு பிள்ளை கேட்கும். இல்லை என்று வாயால் சொல்லிவிட்டுப் போவது வீண். நிழலில் இருந்த பேனலை வெயிலுக்குக் கொண்டுவந்ததும் வோல்ட்டை அளக்கச் சொல்லுங்கள். கால் மணி நேரம் அங்கேயே காயவிட்டுத் திரும்ப அளந்தால் அரை வோல்ட் அளவுக்குக் குறைந்திருக்கும். ஆம்பியர் ஏறக்குறைய அப்படியேதான் இருக்கும். பேனலில் பட்டை பட்டையாகத் தெரியும் சிலிக்கான் செல் சூடேற ஏற வோல்ட் இறங்கும், அதனால் வோல்ட்டையும் ஆம்பியரையும் பெருக்கி வரும் வாட் ஒவ்வொரு டிகிரிக்கும் சுமார் 0.4 சதவீதம் குறைகிறது. பங்குனி வெயிலில் பேனல் கொதிக்கும்போது நமக்கு நஷ்டம்தான்.

சூட்டைப் பயன்படுத்தும் விதமே வேறு. காங்கேயம் பக்கக் களங்களில் தேங்காய்ப் பருப்பு காய்வது, ஈரோட்டில் மஞ்சள் காய்வது, மாடியில் இருக்கும் சோலார் வாட்டர் ஹீட்டர் எல்லாம் அந்த வகை. வாட்டர் ஹீட்டரைக் காட்டி "இதில் இருந்து கரண்ட் வருது" என்று சொல்லும் பிள்ளையைக் கடிந்துகொள்ளாதீர்கள், இரண்டுக்கும் ஒரே பெயர் வைத்தது நாம்தானே.

நிழல் சோதனையைப் பலரும் அரைகுறையாகச் செய்கிறார்கள். பேனலைக் கையால் மூடினால் மோட்டார் நிற்கும், சரி. அதில் புதிதாக என்ன தெரிந்தது? ஒரு செல் பட்டையின் அளவுக்கு அட்டையை வெட்டிக்கொள்ளுங்கள். முதலில் ஒரு செல் மட்டும் முழுதாக மறையும்படி வையுங்கள்: ஆம்பியர் படுத்துவிடும். அப்புறம் அதே அளவு பரப்பை எல்லாச் செல்லிலும் கொஞ்சம் கொஞ்சம் மறையும்படி குறுக்கே வையுங்கள்: கொஞ்சம்தான் குறையும். செல்கள் வரிசையாகக் கோத்திருப்பதால், தோட்டத்து ஓஸை ஓரிடத்தில் மிதித்தால் கடைசி வரை தண்ணீர் நிற்பது மாதிரி, ஒரு செல் மறைந்தாலே மொத்தமும் தடைபடும். ஒரு தென்னை மட்டையின் நிழல் ஏன் அத்தனை கெடுதல் என்று அப்போது புரியும்.

வெளியூர்ப் பாடப் படங்களைப் பார்த்து பேனலை 45 டிகிரி சாய்த்து வைப்பதும் சகஜம். கோவை பூமத்திய ரேகைக்கு வடக்கே சுமார் 11 டிகிரியில் இருக்கிறது. இங்கே தெற்கு பார்த்து லேசான சாய்வு போதும். "சூரியன் எப்போதும் தெற்கே" என்பதும் நம் ஊருக்குப் பொருந்தாது. ஏப்ரல் மூன்றாம் வாரத்திலும் ஆகஸ்ட் கடைசிப் பகுதியிலும் உச்சியில் நேர் மேலே நிற்கும், இடைப்பட்ட மாதங்களில் வடக்கே போய்விடும். ஜூனில் மைதானத்தில் ஒரு குச்சி நட்டால் உச்சி நிழல் தெற்கே விழுவதைப் பார்க்கலாம். உச்சி என்றால் கடிகாரத்தில் 12 மணி அல்ல, இங்கே பெரும்பாலும் 12.20 ஒட்டி.

ஆடி மாதத்தில் சோதனை வைத்தால் பாலக்காட்டுக் கணவாய்க் காற்றோடு மேகம் ஓடிக்கொண்டே இருக்கும். ஒரு குழு அளந்து 5 நிமிடம் கழித்து இன்னொரு குழு அளந்தால் ஒப்பிடவே முடியாது. ஒரு பேனலைத் தொடாமல் தரையில் படுக்க வைத்து, ஒவ்வொரு முறையும் அதையும் சேர்த்து அளக்கச் சொல்லுங்கள்; அதிலும் குறைந்திருந்தால் காரணம் மேகம்தான் என்று தெரிந்துவிடும். இல்லாவிட்டால் தை, மாசியில் வைத்துக்கொள்ளலாம்.

கடைசியாக, மோட்டார் ஓடாதபோது அவசரப்பட்டு பேட்டரியை மாட்டி ஓட்டிக் காட்டுவது. இதைச் செய்யவே செய்யாதீர்கள். மோட்டார் ஓடிக்கொண்டிருக்கத் தேவைப்படுவதைவிடக் கிளம்பும்போது அதிக ஆம்பியர் கேட்கும். காலை 9 மணி வெயிலில் நின்றுபோன காற்றாடியை ஒரு பிள்ளையை விட்டு விரலால் சுண்டிவிடச் சொல்லுங்கள், பல சமயம் அதன்பிறகு தானாகச் சுற்றும். சுற்றாவிட்டால் ஆம்பியரை எழுதி வைத்துவிட்டு, 11 மணிக்குத் திரும்ப வந்து பாருங்கள்.