"சின்னக் கேஸ்தானே சார்!"

வரப்புத் தகராறு, வண்டி நிறுத்துவதில் சண்டை, திருவிழாக் கைகலப்பு. இந்த வழக்குகளில் சிக்கியவர்கள் முதலில் சொல்வது, "சின்னக் கேஸ்தானே சார்!" சிக்கலே அங்கேதான் தொடங்குகிறது.

கையால் அடித்துக் காயப்படுத்தினால் பாரதிய நியாய சன்ஹிதா (ஐ.பி.சி.க்குப் பதிலாக வந்த புதிய தண்டனைச் சட்டம்) பிரிவு 115(2): ஓராண்டு வரை சிறை, அல்லது 10,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். அதே சண்டையில் கத்தியோ அரிவாளோ வந்துவிட்டால் 118(1): மூன்றாண்டு வரை. கொலை மிரட்டல் விடுத்ததாகப் புகாரில் ஒரு வரி சேர்ந்தால் 351(3): ஏழாண்டு வரை போகலாம். 2024 ஜூலை 1-க்கு முன் நடந்த சம்பவம் என்றால் பழைய ஐ.பி.சி. 323, 324, 506(2).

118(1) ஜாமீனில் விட முடியாத குற்றம். இதைக் கேட்டதும் ஜாமீனே கிடைக்காது என்று ஊரைவிட்டு ஓடிவிடுகிறார்கள். ஓடாதீர்கள். ஜாமீன் தருவதா என்பதை நீதிமன்றம் முடிவு செய்யும், அவ்வளவுதான். முன்ஜாமீனும் கேட்கலாம். போலீஸ் 35(3) நோட்டீஸ் (பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா என்ற நடைமுறைச் சட்டப்படி, ஆஜராகச் சொல்லும் நோட்டீஸ்) கொடுத்தால் வாங்கிக்கொண்டு குறித்த நாளில் ஆஜராகுங்கள். ஒழுங்காக ஆஜராகிறவரைக் கைது செய்ய வேண்டுமென்றால் அவர்கள் காரணத்தை எழுதியாக வேண்டும். ஆனால் வெற்றுத் தாளில் கையெழுத்து மட்டும் போடவே போடாதீர்கள்.

அடிபட்டவர் கோட்டை விடுவது ஆஸ்பத்திரியில். "எத்தனை பேர் அடிச்சாங்க? எதால அடிச்சாங்க?" என்று டியூட்டி டாக்டர் கேட்டு விபத்துப் பதிவேட்டில் எழுதுவார். வலியில், பக்கத்தில் நிற்கும் உறவினர் சொல்லிக்கொடுத்தபடி, ஒருவர் அடித்ததை நான்கு பேர் என்று சொல்லிவிடுகிறார்கள். பின்னாளில் குறுக்கு விசாரணையில் எதிர்த்தரப்பு வக்கீல் பிடிப்பது அந்த ஒரு வரியைத்தான். நடந்ததை நடந்தபடி சொல்லுங்கள்.

ஸ்டேஷனில் சமாதானம் பேசிக் கைகுலுக்கிவிட்டால் வழக்கு முடிந்தது என்று நினைப்பதும் தப்பு. எஃப்.ஐ.ஆர். பதிவாகியிருந்தால் அது தானாக மறையாது. 115(2) மட்டும் என்றால் கோர்ட்டிலேயே சமாதானமாகப் போகலாம். 118(1) இருந்தால் ரத்து செய்ய உயர் நீதிமன்றம்தான் போக வேண்டும். விசாரிக்காமல் சும்மா இருந்து, வாய்தாவுக்குப் போகாமல், பிடிவாரண்ட் வந்த பிறகு ஓடி வருகிறார்கள்.

எனக்கு மனசு வலிப்பது இதற்குத்தான். அபராதத்தைக் கட்டினால் இன்றைக்கே வீட்டுக்குப் போகலாம் என்று யாரோ சொல்ல, குற்றத்தை ஒப்புக்கொண்டு பணத்தைக் கட்டிவிடுகிறார்கள். அது தண்டனைத் தீர்ப்பு. சில வருடம் கழித்து போலீஸ் வேலைக்குத் தேர்வாகி, முன்நடத்தை விசாரணையில் பழைய பெட்டி கேஸ் (சின்ன வழக்கு) வெளியே வந்து, பணி ஆணை கைக்கு வராமல் போன பையன் ஒருவன் என் முன்னால் அழுதிருக்கிறான். விண்ணப்பத்தில் வழக்கு விவரம் கேட்ட இடத்தில் "இல்லை" என்று வேறு எழுதியிருந்தான்.

வக்கீல் வைக்க வசதியில்லையா? தயங்காதீர்கள். 15100-க்கு ஃபோன் செய்தால் இலவச சட்ட உதவிக்கு வழி சொல்வார்கள். கையில் எஃப்.ஐ.ஆர். நகலை வைத்துக்கொண்டு பேசுங்கள்.