யூரோப் ட்ரிப்: பஸ் டூர் போடறதுக்கு முன்னாடி

யூரோப்புக்கு குரூப் பஸ் டூர் புக் பண்றதுக்கு முன்னாடி, வயசு 27க்குள்ளன்னா யூரெயில் பாஸ்ல (பல நாட்டு ட்ரெயின்லயும் இத்தனை நாள்னு ஏறிக்கற ஒரே டிக்கெட்) யூத் ரேட் பாத்துட்டு (அங்கயே குடியிருக்கறவங்களுக்கு இன்டர்ரெயில்) தூரமான ஊருக்கெல்லாம் நைட் ட்ரெயின் புடிங்க. வியன்னால ராத்திரி ஏறி காலைல வெனிஸ்ல இறங்குனா பாஸ்ல ஏறுன நாள் மட்டும்தான் கழியும், இறங்குன அன்னிக்கு வேற ட்ரெயின் ஏறாத வரைக்கும். ஒரு ராத்திரி ஹாஸ்டல் காசும் மிச்சம், பஸ்ல போனா அந்த தூரத்துக்கு ஒரு பகலே ஜன்னல் ஓரமா தூங்கி வழிஞ்சே போயிடும். பெர்த்துக்கு மட்டும் தனியா காசு கட்டணும், முன்னாடியே போட்டுடுங்க.

பிரான்ஸ் டிஜிவி, ஸ்பெயின் ஏவிஇன்னு அதிவேக ட்ரெயின் ரெண்டுலயும் பாஸ் இருந்தாலும் ரிசர்வேஷன் காசு தனி, அங்கயே சுத்துறதுன்னா கணக்கு உதைக்கும். ப்ளான் பண்ணவே பொறுமை இல்லன்னா பஸ் டூரே போங்க, தப்பில்ல.